பழைய மாணவர் இல்லங்களில் ஓர் இராப்போசனம்

பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கங்கள் என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவன வருடாந்தப் பொதுக்கூட்டம், நிர்வாகத் தெரிவு, மலர் வெளியீடு, மண்டபமொன்றில் இராப்போசன விருந்து என்பனவே ஆகும். அவ்விருந்தில் பழைய மாணவர்கள் பழைய மாணவர்களையே சந்திக்கின்றனர். அதே பல்கலைக்கழகத்தில் இன்று கல்வி பயிலும் மாணவனுக்கோ மாணவிக்கோ அங்கு ஆசனம் இருப்பது அரிது. இதற்கு நேர்மாறான வழக்கமொன்று உலகின் வேறொரு பகுதியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலவி வருகின்றது. அதனைத் திருகோணமலை மாவட்டத்தின் தேவைகளோடு பொருத்திப் பார்ப்பது பயனுடையதாகும்.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1968 ஆம் ஆண்டு 'பன்னிரண்டு அந்நியர்களுக்கான விருந்து' என்னும் பெயரில் இவ்வழக்கம் ஆரம்பமாகியது. அதன் அமைப்பு மிக எளிமையானது. பழைய மாணவர் ஒருவர் தமது வீட்டில் இராப்போசனம் அளிக்க முன்வருகின்றார். பழைய மாணவர் சங்கம் விருந்தினரைச் சேர்த்துக் கொடுக்கின்றது. மாணவர்கள், பழைய மாணவர்கள், விரிவுரையாளர்கள் என ஒருவரையொருவர் முன்பின் அறியாத ஏறத்தாழ ஒரு டசின் பேர் ஒரே மேசையில் அமர்கின்றனர். சாப்பிடுவதும் உரையாடுவதுமே நிகழ்ச்சி. வேறு பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இம்முறையைப் பின்பற்றியுள்ளன.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நிலாவெளி, கோணேசபுரியில் அமைந்துள்ள இவ்வளாகத்தில் தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகிய துறைகள் உள்ளன. இங்கு பயில்வோர் பல மாவட்டங்களிலிருந்தும் வருகின்றனர். எமது நாட்டின் அனுமதி முறையில் திறமைக்கு 40 வீதமும் மாவட்ட அடிப்படையில் 55 வீதமும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதமும் ஒதுக்கப்படுகின்றன. இம்முறை காரணமாக, தமது குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை மிதிப்போர் பலருக்கும் இடம் கிடைக்கின்றது. ஆயினும் அனுமதிக் கடிதத்தோடு அறிமுகங்கள் கிடைப்பதில்லை.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள், வங்கிக் கிளைகள், சுற்றுலா விடுதிகள் என்பன இயங்குகின்றன. வணிகக் கற்கைகளைப் பயிலும் மாணவி நான்காண்டுகள் இவற்றின் அருகே வாழ்கின்றார். ஆனால் அவற்றினுள் பணிபுரியும் ஒருவரைக் கூட அறியாமலேயே பட்டத்துடன் ஊர் திரும்புகின்றார். நேர்முகப் பரீட்சை எவ்வாறு நடைபெறும், பயிற்சிக்கு யாருக்கு விண்ணப்பிப்பது, முதல் மாதச் சம்பளத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பனவற்றை வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வீட்டிலேயே கேட்டு அறிகின்றது. ஏனையோருக்கு அந்த வீட்டுப் பேச்சைத் தருவதே இவ்விருந்தின் உண்மையான பயன்.

இது வறுமை நிவாரணம் அன்று. 1981 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசிலின் மாதக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்துவதற்கு 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியபோது விடுதி மாணவர்கள் பட்ட பாட்டினை ஒரு வேளைச் சோறு தீர்த்துவிடாது. அதனைத் தீர்ப்பது அரசின் கடமை. அக்கடமையிலிருந்து அரசை விடுவிக்கும் காரியமாக இவ்விருந்து கருதப்படலாகாது.

மற்றுமொரு காரணமும் உண்டு. புதுமுக மாணவர் பலர் முதலிற் சந்திக்கும் 'சிரேஷ்டர்' பகிடிவதை செய்பவராகவே இருக்கின்றார். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இதனைக் குற்றமாக்கியும் அது இன்னும் ஒழிந்தபாடில்லை. அன்போடு பரிமாறி, "சாப்பிடுங்கள் தம்பி" என்று உபசரிக்கும் மற்றொரு வகைச் சிரேஷ்டரைக் காண்பது, சட்டம் செய்ய இயலாததைச் செய்யக்கூடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, இம்மாவட்டத்தின் இன உறவு. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் சுமார் 40 வீதத்தினர் முஸ்லிம்கள். சுமார் 31 வீதத்தினர் தமிழர்கள். சுமார் 27 வீதத்தினர் சிங்களவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மொழியிற் கற்றாலும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிலேயே கற்கின்றனர். அவர்களுட் பலர் அருகருகே அமர்வது பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்திலேயே. அங்கும் நட்பு வாயிற்கதவோடு நின்றுவிடுகின்றது. 2018 இலும் 2022 இலும் திருகோணமலைப் பாடசாலையொன்றில் ஆசிரியையின் அபாயா உடை தொடர்பாக எழுந்த சர்ச்சை, ஒருவர் வீட்டை மற்றவர் எவ்வளவு குறைவாக அறிந்துள்ளோம் என்பதை உணர்த்தியது.

மாலைப் பொழுது வெளியே செல்வதே அச்சமாயிருந்த காலமும் எமக்குண்டு. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மூதூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். அக்காலத்தை அறிந்த பெற்றோர் இன்றும் இருட்டுமுன் பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்கின்றனர். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டதன் பின்னர் படகுத்துறையிற் காத்திருக்க வேண்டிய நிலை நீங்கியது. பாதை திறந்திருக்கின்றது, வீட்டுக் கதவுகளே திறக்கப்பட வேண்டியுள்ளன.

எனினும் நல்லெண்ணம் மட்டும் போதாது. சில ஒழுங்குகள் அவசியம். விருந்தினரை வீட்டுக்காரர் தெரிவு செய்யலாகாது. அவ்வாறாயின் தமிழர் வீட்டிற்குத் தமிழரும் முஸ்லிம் வீட்டிற்கு முஸ்லிம்களுமே செல்வர். சீட்டுக் குலுக்கலே சிறந்தது. தமிழர் வீட்டில் மரக்கறி உணவு சமைத்தால் ஹலால் பற்றிய ஐயத்திற்குப் பெரிதும் இடமிராது. முஸ்லிம் வீட்டில் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பதும், மரக்கறி உண்போருக்குத் தனியே சமைப்பதும் உபசாரத்தின் பாற்பட்டன. மஃரிப் தொழுகைக்கு நேரமும் இடமும் ஒதுக்கப்பட வேண்டும். ரமழான் மாதத்தில் இப்தார் வேளையையே விருந்து வேளையாக்கலாம். மாணவியர் தனியே அழைக்கப்படலாகாது. விடுதி மூடும் நேரத்திற்கு முன்னர் அவர்களை வாகனத்திற் கொண்டு சேர்ப்பது ஏற்பாட்டாளரின் பொறுப்பாதல் வேண்டும். கட்சி அரசியலும் தொழில் சிபாரிசும் மேசைக்கு வரலாகாது.

வளாகங்களில் இப்தாரும் பொங்கல் விழாவும் ஏற்கனவே நடைபெறுகின்றனவே எனச் சிலர் கேட்கலாம். அவை நன்று. ஆனால் மண்டபத்தில் மேடையும் வரவேற்புரையும் புகைப்படமும் முந்திக்கொள்கின்றன. வீட்டிலோ அடுப்படியின் மணமும் சுவரிலுள்ள படங்களும் பாட்டியின் விசாரிப்பும் ஒரு சமூகத்தை அறிமுகம் செய்கின்றன. செலவு பற்றிய கவலையும் நியாயமானதே. ஆயினும் இடியப்பமும் சொதியும் சம்பலும் போதும். இரு குடும்பங்கள் சேர்ந்தும் பொறுப்பேற்கலாம்.

திருகோணமலையில் வசிக்கும் பட்டதாரிகள் எப்பல்கலைக்கழகத்திற் பயின்றவராயினும், இவ்வளாகத்தின் பிள்ளைகள் தமது ஊரின் விருந்தினர் என்பதை மறத்தலாகாது. பத்து வீடுகள், ஓர் இரவு, வீட்டுக்கு எட்டுப் பிள்ளைகள் என்று ஆரம்பித்தால் எண்பது பேர் ஒரு புதிய வீட்டை அறிவர். இதற்குச் சட்டமும் தேவையில்லை, பெருநிதியும் தேவையில்லை. பழைய மாணவர் சங்கங்கள் தமது அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்த்துக்கொள்ளுமா?