கணக்கில் ஏறாத மணிநேரங்கள்

வீட்டின் முன்னறையில் ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தும், சேலைக்கு ஃபால்ஸ் வைத்தும், பட்டு முந்தானைக்குக் குஞ்சம் கட்டியும் வருமானம் ஈட்டும் தொழில், தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நகரத்துக் குறுந்தெருக்களிலும் பரவலாகக் காணப்படும் பெண்கள் தொழில்களுள் ஒன்றாகும். முதலீடு குறைவு, இடமும் வீட்டோடு அமைந்துவிடுகிறது என்பதால் எளிதெனக் கருதப்படும் இத்தொழிலின் கணக்கு உண்மையில் மிகக் கடினமானது. ஏனெனில் துணிக்கும் நூலுக்கும் கடையில் ரசீது கிடைக்க, இத்தொழிலில் செலவாகும் பொருள்களிலேயே பெரியதான தைப்பவரின் நேரத்துக்கு மட்டும் ரசீது கிடையாது. இத்தகைய தொழில்கள் நலிவதற்குத் திறமைக் குறைவையோ வாடிக்கையாளர் இன்மையையோ காரணம் சொல்வது வழக்கம். ஆயினும் கைநிறைய வேலை இருக்கும்போதே சோர்ந்து தொழிலை விடுவோரும் உண்டு என்பதை எண்ணிப் பார்த்தால், காரணத்தை முதலில் தேட வேண்டிய இடம் நேரத்துக்கு விலை வைக்காத பழக்கமே என்பது விளங்கும்.

இப்பழக்கத்துக்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட், தாம் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை, திண்டின்மேல் குத்திய ஊசிகளினூடே ஒன்றோடொன்று முறுக்கியும் குறுக்கிட்டும் பின்னி, துளைகளாலேயே பூவும் கொடியும் தோன்றச் செய்யும் வேலை அது. அவர்களுடைய மகள் எலைசா 1844-இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அக்கலையும் அவருடன் சென்றது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல்லைப் போற்றும் தமிழுலகம், அதே ஊரில் எலைசா வளர்த்த லேஸ் தொழிலை அந்த அளவுக்கு நினைவில் வைக்காதது வருந்தத்தக்கது. நாகர்கோவில் அடங்கியிருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை நீடித்த அக்காலத்தில், லேஸ் பின்னி ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம்மை விடுவித்துக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் பேசுகின்றன. ஒரு பெண்ணின் கைவேலைக்கு அவளுடைய விடுதலையையே வாங்கும் மதிப்பு இருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

ஆனால் அதே லேஸ் தொழில் ஆந்திரத்தின் நரசாப்பூர்ப் பகுதியில் வேறு வடிவம் எடுத்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அப்பகுதியை ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட நூல், உலகச் சந்தைக்குச் சரக்கு உற்பத்தி செய்த அப்பெண்கள் தொழிலாளர்களாக அன்றி இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டனர் என்பதையும், அவர்களுடைய உழைப்பு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று பெயர் பெற்றதால் கூலி மிகத் தாழ்ந்தே இருந்தது என்பதையும் விரிவாகக் காட்டியது. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே என்ற சொல், இன்றும் ரவிக்கைக் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கக் கேட்பவரின் வாயிலிருந்து வருவதைக் காண, மீஸின் ஆய்வு பழையதாகிவிடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்து தைப்போர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர் என்பதையும் இங்கே பிரித்தறிய வேண்டும். ஒரு முகவர் கொண்டுவந்து போடும் துணிகளை, ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கில் தைத்தோ பிசிறு வெட்டியோ கொடுப்பவர் துண்டுக்கூலித் தொழிலாளர். தாமே வாடிக்கையாளரைத் தேடி, தாமே விலை சொல்லி, இலாப நட்டத்தையும் தாமே ஏற்பவர் சொந்தக் கணக்குத் தொழிலாளர். முதல் வகையினரைக் கருதியே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீட்டுவேலை உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டிலிருந்து உழைப்பவர்களையும் சிறுவணிகப் பெண்களையும் ஒருங்கு சேர்த்து, எலா பட் 1972-இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா அமைப்பு அத்தகைய உடன்படிக்கைக்காக நெடுங்காலம் குரல் கொடுத்தது. எனினும் இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இரண்டாம் வகையினருக்கோ தம் விலையைத் தாமே சொல்லும் உரிமை இருக்கிறது. அந்த உரிமை எவ்வாறு கைநழுவுகிறது என்பதை ஒரு ரவிக்கையைக் கொண்டே பார்க்கலாம்.

பேச்சு வழக்கில் ஜாக்கெட் எனப்படும் ரவிக்கை, பார்வைக்குச் சிறிய உடையாயினும் தையலில் மிகுந்த நுட்பம் கோருவது. வாடிக்கையாளர் பெரும்பாலும் அளவு ரவிக்கை என்ற பெயரில் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு, இதில் கை சற்று இறுக்கம், கழுத்து இன்னும் அரை அங்குலம் இறங்கட்டும் என்று வாய்மொழியாகத் திருத்தங்கள் சொல்வார். பலமுறை துவைத்து நெகிழ்ந்துபோன அந்தத் துணியின் அளவையும் உடலின் அளவையும் ஒப்பிட்டு முடிவெடுக்கும் பொறுப்பு தைப்பவரைச் சேரும். உள்ளே கொடுக்கும் லைனிங் பருத்தித் துணியை முதலில் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டே வெட்ட வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி எங்கும் சுருக்கம் விழுந்துவிடும். இரண்டு துணிகளையும் ஒட்டுத் தையலால் இணைத்து, மார்பின் வடிவுக்கேற்ப டக் பிடித்து, முன்பக்கத்துக்கு ஊக்குப் பட்டியும் கண்ணிப் பட்டியும் வைத்து, பிற்காலத்தில் உடல் பருத்தால் பிரித்துக்கொள்ளும்படி பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு மூட்டிய பின்னும் வேலை முடிவதில்லை. ஊக்கு வைப்பதும், கழுத்து ஓரத்தை வெளியே தெரியாமல் தைத்து மடக்குவதும் இயந்திரத்தை விட்டு இறங்கிக் கையூசியால் செய்யப்படுபவை. அவை பெரும்பாலும் இரவுச் சமையலுக்குப் பின் நடப்பவை.

கணக்கைத் தெளிவாக்க எண்களை எடுத்துக்கொள்ளலாம். லைனிங் உட்பட ஒரு ரவிக்கைக்குக் கூலி 450 ரூபாய் என்றும், அதில் லைனிங்குக்கு 70, நூல், ஊக்கு முதலியவற்றுக்கு 20, மின்சாரம், ஊசி, எண்ணெய், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றுக்கு 10 என்றும் வைத்துக்கொண்டால், கையில் நிற்பது 350 ரூபாய். வெட்டவும் தைக்கவும் 3 மணி நேரம் ஆகிறது என்ற அளவில் நின்றுவிட்டால், மணிக்கு 116 ரூபாய்க்குமேல் கிடைப்பதாகத் தோன்றும். அளவும் வடிவமும் பேசிய அரை மணி, நிறத்துக்கேற்ற லைனிங்கும் நூலும் தேடிக் கடைக்குச் சென்ற அரை மணி, கைவேலைக்கு அரை மணி, போட்டுப் பார்த்த பின் பிடித்தும் பிரித்தும் கொடுத்த அரை மணி ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 5 மணி நேரமாகி, மணிக்கூலி 70 ரூபாயாக இறங்கிவிடுகிறது. மறைந்துபோன இந்த 2 மணி நேரமே இத்தொழிலின் ஆதாயத்தை அரிப்பது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் சுவர்க் கடிகாரமும் போதும் என்றாலும், வேலை தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதிவைக்கும் வழக்கம் வீட்டுத் தையலில் அரிதாகவே இருக்கிறது.

இக்கணக்கிலும் சேராத ஒரு செலவு, தவறு நேர்ந்தால் ஈடுசெய்ய வேண்டிய பொறுப்பாகும். பட்டுச்சேலையோடு நெய்து வரும் ரவிக்கைத் துண்டை வெட்டுவதில் பிழை நேர்ந்துவிட்டால், அதே கரையும் அதே நிறமும் கொண்ட மாற்றுத் துணி எங்கும் கிடைக்காது. பட்டு ரவிக்கைக்குப் பருத்தி ரவிக்கையைவிடக் கூடுதல் கூலி கேட்பது பேராசை என்று நினைப்பவர்கள், அந்தக் கத்தரிக்கோல் தாங்கும் இடரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

விலையை முடிவு செய்யும்போது பலரும் செய்வது, பக்கத்துத் தெருவில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து அதைவிடச் சற்றுக் குறைத்துச் சொல்வதாகும். பக்கத்துத் தெருக்காரரும் அவ்வாறே யாரையோ பார்த்து விலை வைத்தவராக இருப்பதால், ஒரு பகுதி முழுவதும் யாரும் கணக்கிடாத விலையொன்று நிலைபெற்றுவிடுகிறது. உறவும் அண்டையும் கலந்த வாடிக்கை என்பதால் விலையை உயர்த்துவதும் எளிதன்று. ஆகவே ஆண்டுதோறும் ஆடி மாதத்தில், திருமணங்கள் இன்றி வேலை ஓய்ந்திருக்கும்போது புதிய கூலிப் பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, ஆவணி முகூர்த்தங்களிலிருந்து அதை நடைமுறைப்படுத்துவது, முகத்துக்கு நேரே பேரம் பேசும் சங்கடத்தைப் பெரிதும் குறைக்கும். பட்டியலில் சாதாரண ரவிக்கை, லைனிங் ரவிக்கை, பட்டு ரவிக்கை ஆகியவற்றோடு, அவசர வேலைக்கான கூடுதல் கட்டணமும் இடம்பெற வேண்டும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வந்து சேரும் துணி, தைப்பவரின் உறக்கத்திலிருந்து எடுத்துத்தான் தைக்கப்படுகிறது.

ஆரி வேலையில் நேரத்தின் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மரச்சட்டத்தில் துணியை முரசுத் தோல்போல் விறைப்பாக இழுத்துக் கட்டி, நுனியில் சிறு கொக்கி கொண்ட ஊசியை மேலிருந்து குத்தி, துணிக்கு அடியில் இடக்கை ஏந்தும் நூலை அக்கொக்கியில் மாட்டி மேலே இழுத்து, சங்கிலிபோல் கண்ணி கண்ணியாகக் கோக்கும் முறையே ஆரி. மணியும் கல்லும் ஜர்தோசிச் சுருளும் வைத்து ஒரு மணப்பெண் ரவிக்கையை முடிக்கப் பல நாள்கள் ஆகலாம். கணினி எம்பிராய்டரி இயந்திரம் அதே தோற்றமுள்ள பூவை மிக விரைவில் போட்டுவிடுவதால், கைவேலைக்காரர் அதனோடு விலையில் போட்டியிடுவது வீண்; கைவேலை எது, இயந்திர வேலை எது என்பதை வாடிக்கையாளருக்கு இரண்டு மாதிரித் துண்டுகளின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி விளக்குவதே பயன் தரும். நீலகிரித் தோடர்கள் வெள்ளைப் பருத்தித் துணியில், வரைபடம் ஏதுமின்றி இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக இடும் பூத்தையல், 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு குறிப்பிட்ட இடத்துக்குரிய மரபு முறையில் செய்யப்பட்டதற்கே அப்பெயர் உரியது என்று சட்டம் அளிக்கும் அக்காப்பு, நகரத்து ஆரித் தொழிலாளிக்குக் கிடைக்கக்கூடியதன்று. அவருக்குக் காப்பாவது அவரே காட்டும் வேறுபாடுதான்.

முன்பணம் வாங்குவதும் விலைக் கணக்கோடு தொடர்புடையது. மணியும் சரிகையும் தைப்பவரின் பணத்தில் வாங்கப்பட்டு, ரவிக்கை முடிந்தபின் நான்கு வாரம் எடுத்துச் செல்லப்படாமல் அலமாரியில் கிடந்தால், அந்தத் தொழில் வாடிக்கையாளருக்கு வட்டியின்றிக் கடன் கொடுக்கிறது என்றே பொருள். பொருட்செலவு முழுவதையும் கூலியில் ஒரு பகுதியையும் முன்னரே பெறுவது உறவினரிடத்திலும் கடைப்பிடிக்கத் தக்க ஒழுங்காகும். அதைக் கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை.

அரசின் உதவிகள் பெரும்பாலும் கருவியையும் கடனையும் சார்ந்தவை. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கப்படுகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம், தையற்கலைஞர் உட்பட 18 தொழிலினருக்குப் பயிற்சியும், கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரையும், 5 விழுக்காட்டு வட்டியில் முதலில் 1 லட்சமும் பின்னர் 2 லட்சமும் கடனும் தருகிறது. தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவது ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி உதவி ஆகியவற்றுக்கு வழியாகும். இவை அனைத்தும் தேவையானவையே. எனினும் இயந்திரம் கொடுக்கும் நாளிலேயே கூலி கணக்கிடும் முறையையும் கற்றுக்கொடுத்தால், அந்த இயந்திரம் மூலையில் துணி மூடிக் கிடப்பதைத் தவிர்க்கலாம்.

துணிப்பை தைப்பது ரவிக்கைக்கு நேர் எதிரான தொழில். 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதும் இத்தொழிலுக்கு ஊக்கம் அளித்தன. இங்கே அளவெடுப்பதோ பிரித்துத் தைப்பதோ இல்லை. நூறு பைகளுக்கும் ஒரே வெட்டு, ஒரே தையல் என்பதால் மறைந்த நேரமும் குறைவு. ஆனால் பைக்கு விலை சொல்பவர் வாங்கும் கடைக்காரர் என்பதால், சொந்தக் கணக்கில் தொடங்கியவர் தம்மை அறியாமல் துண்டுக்கூலிக்காரராக மாறிவிடும் வாய்ப்பு இதில் மிகுதி. ரவிக்கை வேலை ஓய்ந்த மாதங்களுக்கு இதை வைத்துக்கொள்வது அறிவுடைமை. இதையே முழுத் தொழிலாக்க விரும்புவோர், பெயர் அச்சிட்ட திருமணத் தாம்பூலப் பை போன்று நேரடியாகக் குடும்பங்களுக்குச் செல்லும் சரக்கைத் தேர்ந்தால் விலை தம் கையில் இருக்கும்.

வேலை பெருகும்போது முதலில் பிறர் கைக்குச் செல்வது ஊக்கு வைப்பதும் ஓரம் மடக்குவதும் குஞ்சம் கட்டுவதுமே. அவற்றை அண்டை வீட்டுப் பெண் ஒருவர் உருப்படிக்கு இவ்வளவு என்று ஏற்றுச் செய்வார். தம் நேரத்தை அளந்தறிந்தவருக்கு, ஒரு ரவிக்கையின் கைவேலைக்கு அரை மணி ஆகும் என்பது தெரியும். ஆகவே அப்பெண்ணுக்குச் சொல்லும் கூலி, தமக்கு ஒரு மணிக்கு வேண்டும் என்று தாம் வகுத்த தொகையின் பாதிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று உடனே சரிபார்க்க முடியும். குறைந்தால், உயர்த்த வேண்டியது சுவரில் ஒட்டிய பட்டியலின் விலையே; வெட்ட வேண்டியது அந்தப் பெண்ணின் கூலி அன்று.