சுளுக்கா, முறிவா?

சென்ற மார்கழியில் காசியின் பனிமூட்டத்தில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். இங்கே படிக்கும் நம்மவர்க்கு இது புதிதன்று. வலக்கையை ஊன்றி விழுந்ததால் மணிக்கட்டு சற்றே வீங்கிற்று. "சுளுக்குத்தான்" என்று தீர்ப்புக் கூறிய அறைத்தோழர், ஊரிலிருந்து நான் கொண்டுவந்த தைலத்தைத் தேய்த்து உருவியும் விட்டார். வலி தணிந்தது. ஆறு வாரமாகியும் சோதனைச்சாலையில் குடுவையைப் பிடித்துச் சுழற்ற முடியாமற் போகவே எக்ஸ்-ரே எடுத்தேன். எலும்பு முறிந்திருந்தது!

நான் வேதியியல் மாணவன், மருத்துவன் அல்லேன். ஆயினும் என் கைக்கு நேர்ந்ததைப் படித்தறியாமல் இருக்க முடியவில்லை.

மணிக்கட்டில் சிறு எலும்புகள் எட்டு. கட்டைவிரல் பக்கமுள்ள ஒன்றை ஸ்கேஃபாய்ட் என்பர். உருவம் கருதி நாம் படகெலும்பு எனலாம். கை ஊன்றி விழும் இளைஞர்க்கு இவ்வெட்டில் மிகுதியாக முறிவது இதுவே. கை கோணாது, விரல்களும் அசையும், ஆகவே ஏமாறுகிறோம். அசைக்க முடிந்தால் முறிவில்லை என்று நம்மிடையே வழங்கும் பேச்சு வெறும் பொய்.

இவ்வெலும்புக்குக் குருதி பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில் நுழைந்து முன்கையை நோக்கித் திரும்பி ஓடுகிறது. நடுவே முறிந்தால் பின்துண்டு குருதி குறைந்து வாடும். சில வேளை மடிந்தே போகும். கூடாத முறிவு நாளடைவில் மூட்டுத் தேய்வில் கொண்டுபோய் விடும்.

கட்டைவிரலை நன்கு விரித்துப் பாருங்கள். அதன் அடியில், இரு நரம்புக் கயிறுகள் போன்ற தசைநாண்களுக்கிடையே ஒரு குழி தோன்றும். மூக்குப்பொடியை வைத்து உறிஞ்ச ஏற்ற இடமென்று உடற்கூற்று நூலார் அதற்கு மூக்குப்பொடிக் குழி என்றே பெயரிட்டனர்! விழுந்தபின் அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? உருவாதீர்கள், மோதிரத்தைக் கழற்றி, அட்டை வைத்துக் கட்டி மருத்துவரிடம் செல்லுங்கள். முதல் எக்ஸ்-ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். ஐயமிருந்தால் கட்டுப் போட்டுப் பத்துப் பதினான்கு நாட்களில் மீண்டும் எடுப்பர், எம்.ஆர்.ஐ. முன்னதாகவே காட்டிவிடும். விலகாத முறிவுக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் மாவுக்கட்டே போதும்.

எனக்கு அது போதவில்லை. இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து இடைவெளியில் வைத்து, திருகாணியால் இறுக்கினார்கள். இப்பொழுது குடுவையை இடக்கையால் சுழற்றுகிறேன். அறைத்தோழர் தைலப் புட்டியை எங்கோ ஒளித்துவைத்துவிட்டார்.