இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளும் பூண்டு, இஞ்சி, மஞ்சள் முதலிய இயற்கைப் பொருட்களும்: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிய வேண்டியவை

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ வார்ஃபரின், அசெனோகௌமரால், டாபிகாட்ரான், ரிவராக்ஸாபன், அபிக்ஸாபன் ஆகிய மருந்துகளுள் ஒன்றை உட்கொண்டு வருவீர்களாயின் இப்பக்கம் உங்களுக்காக எழுதப்பட்டது. மருந்துச் சீட்டில் நிறுவனம் இட்ட வணிகப் பெயர் மட்டும் இருக்கக்கூடும். மாத்திரை அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் மேற்கண்ட பெயர்களுள் ஒன்று அச்சிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். நம் நாட்டில் செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களுள் பலர் உட்கொள்வது அசெனோகௌமரால் ஆகும்.

இம்மாத்திரைக்குப் பதிலாகப் பூண்டுச் சாறோ, மஞ்சள் வில்லையோ, மீன் எண்ணெய் வில்லையோ எடுத்துக்கொள்ளலாமா என்பதே பலரும் கேட்கும் கேள்வி. கூடாது. மாத்திரையோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா என்றால், மருத்துவரிடம் கேட்காமல் அதுவும் கூடாது. சமையலில் வழக்கமாகச் சேர்க்கும் பூண்டையும் இஞ்சியையும் மஞ்சளையும் கைவிட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. இம்மூன்று விடைகளுக்கும் உரிய காரணங்களைக் கீழே காணலாம்.

இரத்தம் மெலிவதில்லை

"இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை" என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். மருத்துவர்களும் அவ்வாறே சொல்வதுண்டு. குழப்பத்தின் வேர் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. இம்மருந்துகள் இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. இரத்தம் கட்டியாக உறைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீட்டிக்கின்றன.

இரத்தம் உறைவதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவதாக, தட்டணுக்கள் எனப்படும் நுண்ணிய அணுக்கள் காயம்பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இரண்டாவதாக, இரத்தத்தில் உள்ள உறைவுக் காரணிகள் எனப்படும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் வலைபோன்ற இழைகளை உண்டாக்குகின்றன. செங்கல்லும் சாந்தும் போன்ற ஏற்பாடு இது. ஆஸ்பிரின் முதல் வேலையைத் தடுக்கிறது. பூண்டும் இஞ்சியும் மஞ்சளில் உள்ள குர்குமினும் ஆய்வுக்கூடச் சோதனைகளில் காட்டும் விளைவும் பெரும்பாலும் இந்த முதல் வேலையின் மீதுதான். வார்ஃபரினும் அசெனோகௌமராலும் இரண்டாம் வேலையைத் தடுக்கின்றன: வைட்டமின் கே-யைக் கொண்டு கல்லீரல் செய்யும் நான்கு உறைவுக் காரணிகளின் உற்பத்தியைக் குறைக்கின்றன. டாபிகாட்ரான், ரிவராக்ஸாபன், அபிக்ஸாபன் ஆகியவை அக்காரணிகளுள் ஒன்றை நேரடியாக முடக்குகின்றன.

செயற்கை வால்வின் மீதும், சீரற்றுத் துடிக்கும் இதயத்தின் மேலறையிலும், காலின் ஆழ்நாளங்களிலும் உருவாகும் கட்டிகள் பெரிதும் இரண்டாம் வேலையின் விளைவாகும். ஆகவே முதல் வேலையை மட்டும் தடுக்கும் பொருள் அங்கே போதுமானதன்று. இதற்கு நல்ல சான்று ஆஸ்பிரினே. இதய மேலறையின் சீரற்ற துடிப்பு உள்ளவர்களிடம் வார்ஃபரின் பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே குறைக்கிறது. அளவிட்டுத் தயாரிக்கப்பட்டு, தலைமுறைகளாக ஆராயப்பட்ட ஆஸ்பிரினாலேயே நிரப்ப முடியாத இடத்தைப் பூண்டுப் பற்களால் நிரப்ப இயலாது.

மாற்று வழி தேடுவது ஏன்?

கம்மாபுரம் போன்ற ஊரில் வசிக்கும் ஒருவருக்கு இம்மாத்திரை எளிதான துணையன்று. ஐ.என்.ஆர். எனப்படும் இரத்தப் பரிசோதனையைக் குறித்த காலத்தில் செய்துகொள்ள வேண்டும்; அளவு நிலைப்படும் வரை அடிக்கடியும், நிலைப்பட்ட பின் பெரும்பாலும் மாதம் ஒருமுறையும். அதற்காக விருத்தாசலத்துக்கோ நெய்வேலிக்கோ கடலூருக்கோ சென்று திரும்புவதில் ஒரு நாள் கூலி போகிறது. அறுவை சிகிச்சை புதுச்சேரியிலோ சென்னையிலோ நடந்திருந்தால், அளவை மாற்றுவதா என்று கேட்க அங்கும் செல்ல நேர்கிறது. இந்நிலையில், எலுமிச்சை, இஞ்சி, பூண்டு ஆகியவற்றின் சாற்றோடு ஆப்பிள் சீடர் வினிகரைச் சேர்த்துக் காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் இதய அடைப்பே நீங்கும் என்று கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது. பொருட்கள் யாவும் வீட்டில் இருப்பவை; பரிசோதனை தேவையில்லை; பக்கவிளைவு இல்லை என்றும் சொல்லப்படுகிறது. மனம் அதை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கலவை வால்வின் மீது கட்டி உருவாவதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

வார்ஃபரினும் செடியிலிருந்து வந்ததே

இயற்கை, செயற்கை என்ற வேறுபாடு இங்கே உதவாது. 1920-களில் வட அமெரிக்கப் புல்வெளிப் பகுதிகளில் மாடுகள் சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காமல் மடிந்தன. பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் என்னும் தீவனப் புல்லே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டனர். 1933-இல் ஒரு விவசாயி, உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனுடன் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கு கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாளரின் குழு பல ஆண்டுகள் உழைத்து அப்புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கான மருந்தாயிற்று.

எனவே "மூலிகையிலிருந்து வந்தது, ஆகவே தீங்கற்றது" என்ற வாதத்துக்கு அந்த மாடுகளே மறுப்பு. புல்லில் இருந்தபோது உயிரைப் பறித்த பொருள் மாத்திரையில் உயிர் காப்பது, அதன் அளவு தெரிவதாலும் விளைவை அளக்க முடிவதாலும் ஆகும். ஐ.என்.ஆர். அந்த அளவுகோல். மருந்து உட்கொள்ளாதவருக்கு அது ஏறத்தாழ 1 ஆக இருக்கும். இம்மருந்து உட்கொள்வோரில் பெரும்பாலானோருக்கு இலக்கு 2 முதல் 3 வரை. செயற்கை மைட்ரல் வால்வு உள்ளவர்களுக்கு வழக்கமாக 2.5 முதல் 3.5 வரை. இலக்குக்குக் கீழே சென்றால் கட்டி உருவாகும் ஆபத்து. மேலே சென்றால் இரத்தக்கசிவின் ஆபத்து. நேற்றுக் குடித்த பூண்டுச் சாறு உங்களை எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறது என்பதைச் சொல்ல இத்தகைய அளவுகோல் இல்லை. பூண்டின் அளவும் வீரியமும் காய்ச்சிய முறையும் ஒவ்வொரு முறையும் மாறுகின்றன.

குழம்பில் உள்ள மஞ்சளும் வில்லையில் உள்ள மஞ்சளும்

மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உள்ளது. அதையும் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. ஆனால் கடைகளில் விற்கும் வில்லைகளில் செறிவூட்டப்பட்ட குர்குமினோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரினும் சேர்க்கப்படுவதுண்டு. பைப்பரின் சேர்த்தால் குர்குமின் உடலில் சேரும் அளவு ஏறத்தாழ இருபது மடங்கு உயர்வதாக 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆகவே "நாம் காலங்காலமாக உண்பதுதானே" என்று வில்லையைக் குழம்போடு ஒப்பிடுவது பொருந்தாது. நியூசிலாந்து அரசின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் ஒரு நிகழ்வைப் பதிவு செய்தது. வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் அவருடைய ஐ.என்.ஆர். 10-க்கு மேல் உயர்ந்துவிட்டது. அந்த நிலையில் மூளையில் தானாகவே இரத்தம் கசியக்கூடும்.

பூண்டு வில்லை, ஜின்கோ, அதிக அளவு மீன் எண்ணெய், அதிக அளவு வைட்டமின் ஈ ஆகியவையும் இரத்தக்கசிவின் வாய்ப்பைக் கூட்டலாம். இவற்றுள் சில, ஐ.என்.ஆர். அளவை மாற்றாமலே தட்டணுக்களைத் தளர்த்துகின்றன என்பதே கூடுதல் கவலை. பரிசோதனை முடிவு சரியாக இருக்கும். ஈறில் இரத்தம் நிற்காது.

நாட்டோகைனேஸ் என்னும் வில்லையைத் தனியே குறிப்பிட வேண்டும். நாட்டோ என்பது சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் ஜப்பானிய உணவு. அதிலிருந்து எடுத்த நொதி, "இயற்கையான இரத்தக் கட்டி கரைப்பான்" என்று இணையத்தில் விற்கப்படுகிறது. வார்ஃபரினை நிறுத்திவிட்டு இவ்வில்லையை எடுத்துக்கொண்ட செயற்கை வால்வு நோயாளி ஒருவருக்கு, வால்வில் கட்டி உருவாகி மீண்டும் அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. நாட்டோ உணவிலோ வைட்டமின் கே மிகுதியாக உள்ளதால் அது வார்ஃபரினின் வேலையையே முறிக்கும்.

கீரையை நிறுத்த வேண்டியதில்லை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது "கீரை சாப்பிடாதீர்கள்" என்ற ஒற்றை வரி அறிவுரையோடு பலர் வருகின்றனர். இது பாதி உண்மை. கீரைகளில் வைட்டமின் கே உள்ளது. அது வார்ஃபரினுக்கும் அசெனோகௌமராலுக்கும் எதிராகச் செயல்படும். ஆனால் கீரையை அடியோடு விலக்கினால், உறவினர் வீட்டில் ஒருநாள் முருங்கைக் கீரைப் பொரியல் உண்டதும் ஐ.என்.ஆர். பெரிதும் மாறக்கூடும். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை உண்பவர் அவ்வாறே தொடரட்டும். மருத்துவர் அந்த உணவுக்கு ஏற்ப மாத்திரையின் அளவை அமைத்துக்கொள்வார். தவிர்க்க வேண்டியது திடீர் மாற்றமே. காலையில் குடிக்கும் அருகம்புல் சாறும் முருங்கை இலைச் சாறும் செறிவான கீரையே என்பதை நினைவில் கொள்ளுங்கள். டாபிகாட்ரான், ரிவராக்ஸாபன், அபிக்ஸாபன் உட்கொள்வோருக்குக் கீரை குறித்த இக்கட்டுப்பாடு பொருந்தாது.

பரிசோதனை தேவையற்ற புதிய மாத்திரைக்கு மாறலாமா?

சிலருக்கு மாறலாம், அதை மருத்துவரிடம் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. வால்வு நோய் இல்லாமல் மேலறைத் துடிப்பு மட்டும் சீரற்றிருப்பவர்களுக்கும், காலில் இரத்தக் கட்டி ஏற்பட்டவர்களுக்கும் புதிய மருந்துகள் நன்கு பயன்படுகின்றன. அவற்றுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை, சிறுநீரகச் செயல்பாட்டை மட்டும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். அவற்றின் விளைவு ஏறக்குறைய ஒரு நாளில் மறைந்துவிடுவதால் ஒரு வேளை தவறினாலும் பாதுகாப்புக் குறையும்.

ஆனால் உலோக அல்லது கார்பன் வால்வு பொருத்தப்பட்டவர்கள் மாறக் கூடாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு உட்பட எல்லாச் செயற்கை இயந்திர வால்வுகளுக்கும் இது பொருந்தும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் பழைய மருந்தே ஏற்றது. இந்தியா உட்பட 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட ருமாட்டிக் இதய நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், ரிவராக்ஸாபன் பெற்றவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து பெற்றவர்களிடம் இறப்புக் குறைவாக இருந்தது. அலைச்சல் மிகுந்ததாயினும், இவர்களுக்கு அந்த அலைச்சலுக்குப் பயன் உண்டு.

வலி மாத்திரையும் ஊசியும்

மூலிகையைவிட அன்றாடம் அதிகம் தீங்கு செய்வது இவையாக இருக்கலாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படலாம். காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள். தசைக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும். மெட்ரோனிடசோல் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் ஐ.என்.ஆர். அளவை உயர்த்தும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைத் தாழ்த்தும். எந்தப் புதிய மருந்தைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்வது நன்று. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் அதற்கு முன்பே இதய மருத்துவரைக் காண வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். மருந்தைத் தாமாக நிறுத்துவது தாயின் உயிருக்கே ஆபத்தாகும்.

மறைக்காமல் சொல்லுங்கள்

சித்த மருத்துவம் பெறுவோர் அதை இதய மருத்துவரிடமும், இதய மாத்திரை உட்கொள்வதைச் சித்த மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். கடிந்துகொள்ளும் மருத்துவருக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மறைத்ததன் விளைவு உங்கள் உடலில்தான் தெரியும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் வில்லைகளையும் சூரணங்களையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் சென்று மருத்துவரின் மேசையில் வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் அப்பையைக் காட்டலாம். பல் பிடுங்குவதற்கோ அறுவை சிகிச்சைக்கோ செல்லும்போது முன்கூட்டியே தெரிவியுங்கள். பூண்டு, ஜின்கோ வில்லைகளை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உறைவுத் தடுப்பு மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

மலம் தார்போல் கறுத்தல், சிறுநீர் சிவத்தல், இரத்த வாந்தி, பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத மூக்கு அல்லது ஈறுக் கசிவு, இதுவரை இல்லாத கடுந்தலைவலி ஆகியவை மிகுதியான இரத்தக்கசிவின் அறிகுறிகள். தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். மறுபுறம், முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல், திடீர் மூச்சுத்திணறல், வால்வின் "டிக்" ஓசை மங்குதல் ஆகியவை கட்டி உருவாகியிருக்கலாம் என்பதைக் காட்டுகின்றன. இரண்டு நிலைகளிலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மாத்திரையின் பெயர், மில்லிகிராம் அளவு, கடைசியாக உட்கொண்ட நேரம், கடைசி ஐ.என்.ஆர். அளவும் தேதியும், உடன் எடுத்துக்கொண்ட மூலிகையின் பெயர் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருங்கள். நோயாளி பேச இயலாத நிலையில் இருந்தால், ஆம்புலன்ஸில் உடன் செல்பவர் அந்த நோட்டைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.