வீட்டுத் துப்பாக்கியும் குழந்தையின் உயிரும்

சேலம், நாமக்கல் சமவெளியைச் சூழ்ந்து நிற்கும் கல்வராயன், கொல்லிமலை முதலிய தொடர்களின் சிற்றூர்களில், காட்டுப்பன்றியிடமிருந்து மரவள்ளியைக் காக்க வேண்டுமென்ற கவலையாலும், முன்னோரின் வேட்டைப் பழக்கத்தாலும், உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகள் சில வீடுகளில் இன்னமும் இருந்து வருகின்றன என்பதையும், கருமந்துறை போன்ற பகுதிகளில் காவல்துறையினர் அவற்றைக் கைப்பற்றுகின்றனர் என்பதையும் நாம் அறிவோம். இது குற்ற விஷயம் மட்டுமன்று. குழந்தைகளின் ஆரோக்கிய விஷயமுமாகும்.

அபாயம் அக்கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. குழலின் வாய்வழியே கருமருந்தையும் ஈயக்குண்டுகளையும் இட்டு இடித்து நிரப்பியபின், சுடாமல் அவற்றை வெளியே எடுப்பது கடினமாதலால், நிரம்பிய துப்பாக்கி பரண்மீது கிடக்குமானால், பெற்றோர் காட்டுவேலைக்குச் சென்றிருக்கும் வேளையில் விளையாட்டாக அதைத் தொடும் பிள்ளையைத் தடுக்க அங்கே பூட்டுமில்லை, ஆளுமில்லை.

அமெரிக்காவில் 2020 முதல் 1 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்டோரின் மரணத்துக்குத் துப்பாக்கியே முதற்காரணமாகிவிட்டது. அங்குள்ள குழந்தை வைத்தியர்கள், ‘வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?’ என்று பெற்றோரிடம் விசாரிப்பதைத் தம் கடமையாகக் கொண்டனர். அவ்விசாரணையைக் கட்டுப்படுத்த ஃபுளோரிடா மாநிலம் 2011-இல் இயற்றிய சட்டத்தின் முக்கியப் பகுதிகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் ரத்து செய்தது. நம் ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரும், கிராம சுகாதாரச் செவிலியரும், அங்கன்வாடிப் பணியாளரும், பூச்சிமருந்தைப் பற்றியும் மூடாத கிணற்றைப் பற்றியும் எச்சரிக்கும்போதே, குற்றஞ்சாட்டும் தொனியின்றி, வீட்டில் துப்பாக்கி உண்டா என்பதையும் கேட்பது அவசியம்.

சட்டம் கடுமையானது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, 2019-இன் திருத்தத்துக்குப்பின், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு 2 முதல் 5 ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. உரிமமின்றித் துப்பாக்கி தயாரிப்போர்க்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை.

ஆயினும் வழக்குக்கு அஞ்சி, குண்டடிபட்ட குழந்தையை வீட்டில் வைத்துக் காலந்தாழ்த்துவது மகா பாதகம். காவல்துறை நடைமுறைகளுக்குக் காத்திராமல், காயமுற்றவருக்கு உடனே சிகிச்சையளிப்பது அரசு, தனியார் வைத்தியர் அனைவரின் கடமையென்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரும். அதற்காகச் சிகிச்சை நிற்காது. 108 ஊர்தி கட்டணமின்றி வரும். காயம் எவ்வாறு நேர்ந்ததென்ற உண்மையை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். பிறர் குற்றத்தால் காயமுற்ற குழந்தைக்கு இழப்பீடு கோரவும், இலவசச் சட்ட உதவி பெறவும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; ஆபத்திலுள்ள குழந்தைக்கு 1098 என்ற எண் உண்டு.

பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையிடம் நிவாரணம் கோரும் வழி இருக்கையில், துப்பாக்கியை நம்பிப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பது நியாயமன்று. ஊர்க்கவுண்டர்களும் ஊராட்சித் தலைவர்களும் முன்னின்று, சட்ட ஆலோசனையுடன், இவ்வாயுதங்களைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் செய்வார்களாக. பெற்றோர்களே, விபத்து நேருமுன் இதைச் செய்யுங்கள்.