மலைமேல் ஏறிய விஜயபுரி

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்து செகந்திராபாத்தில் குடியமர்ந்தோம். வீட்டையும் வயலையும் விட்டு வந்தாலும், பெட்டியில் அடங்கக் கூடியவற்றை மட்டும் எடுத்து வந்தோம். மனிதர் இவ்வாறு இடம் பெயர்தல் புதிதன்று. ஆனால் ஒரு தலைநகரம் தன் கற்களோடு இடம் பெயர்ந்து மலைமேல் ஏறியது உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்ல வேண்டும். அது நம் இருப்பிடத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், கிருஷ்ணா நதியின் நீர்த்தேக்கத்துக்கு நடுவே நிற்கின்றது. முற்காலத்தில் விஜயபுரி என்று வழங்கிய அவ்விடத்தை இன்று நாகார்ஜுனகொண்டா என்று அழைக்கிறார்கள்.

நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவுக்கு இவ்விடத்தைத் தேர்ந்தபோது எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. "கல்லையும் மண்ணையும் காணவா பணம் கொடுத்துப் போவது? பிள்ளைகளுக்கு விளையாட ஓர் இடம் வேண்டாமா?" என்று சில அன்பர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதான். எனினும் பெரும்பான்மையோர் விருப்பப்படி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, பதினான்கு குடும்பங்கள் ஒரு பேருந்தில் புறப்பட்டோம்.

நகரத்தின் வரலாறு

சாதவாகனப் பேரரசு தளர்ந்த பின்னர், கிருஷ்ணா நதிப் பகுதியில் இக்ஷ்வாகு மரபினர் ஆட்சிக்கு வந்தனர். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அவர்கள் ஆண்டனர். சாந்தமூலன், வீரபுருஷதத்தன், எகுவல சாந்தமூலன், ருத்ரபுருஷதத்தன் என்னும் நால்வர் அம்மரபின் மன்னர்கள். மூன்று புறம் மலைகளும் ஒரு புறம் ஆறும் காவலாக அமைந்த பள்ளத்தாக்கில் அவர்கள் தலைநகர் அமைத்தார்கள். அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட பௌத்த நிலையங்கள் இருந்தன. ஸ்தூபிகளும், துறவியர் வாழ்ந்த விஹாரங்களும், வழிபாட்டுக்குரிய சைத்தியங்களும் அவற்றில் அடங்கும். அதே நகரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில்கள் இருந்தன. கார்த்திகேயனுக்கும், அதாவது நம் முருகப் பெருமானுக்கும், ஒரு கோயில் இருந்தது என்று கேட்டபோது எங்களுடன் வந்த மூதாட்டியர் கைகுவித்தார்கள்.

மகாயான பௌத்தத்தின் பேராசானாகிய நாகார்ஜுனர் இங்கு வாழ்ந்தார் என்பது மரபு. மலைக்குப் பெயர் வந்ததும் அம்மரபினால்தான். அகழ்ந்தெடுத்த கல்வெட்டுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் அவை வேறு பல செய்திகளைச் சொல்கின்றன.

காலப்போக்கில் நகரம் அழிந்தது, காடு மூடியது. 1926-ஆம் ஆண்டில் அப்பகுதியைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர், சூரபராஜு வேங்கடராமையா என்பவர், பழந்தூண் ஒன்றைக் கண்டு அன்றைய சென்னை மாகாண அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். அவர் ஒரு கல்லைக் கல் என்று கடந்து போயிருந்தால் இவ்வரலாறு நமக்குக் கிடைத்திருக்குமோ, ஐயமே! பின்னர் 1927 முதல் 1931 வரை லாங்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயரும், 1938-இல் தொடங்கி டி. என். இராமச்சந்திரன் அவர்களும் அங்கு அகழ்ந்து ஆராய்ந்தார்கள்.

அணையும் அகழாய்வும்

பாரதம் விடுதலை பெற்ற பின்னர் கிருஷ்ணா நதிக்குக் குறுக்கே பேரணை கட்ட முடிவாயிற்று. 1955-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். அணை எழுந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் நீரில் மூழ்கும். அணை எழாவிட்டால் நல்கொண்டாவும் பல்நாடும் வறண்டே கிடக்கும். எதனை விடுவது? உயிரோடிருக்கும் உழவனுக்குத் தண்ணீர் வேண்டும் என்னும் பக்கமே வென்றது.

அதனால் 1954 முதல் 1960 வரை, ஆர். சுப்பிரமணியம் அவர்கள் தலைமையில், பள்ளத்தாக்கு முழுவதையும் காலத்தோடு போட்டியிட்டு அகழ்ந்தனர். கற்கருவிக் காலம் முதல் இடைக்காலக் கோட்டை வரையில் மனிதர் விட்டுச் சென்ற தடயங்கள் அங்கே வெளிப்பட்டன. முதன்மையான கட்டடங்களில் ஒன்பதினைப் பிரித்தெடுத்து மலையுச்சியில் மீண்டும் கட்டினார்கள். வேறு பதினான்கின் மாதிரிகளையும் அமைத்தார்கள். சிலவற்றை ஆற்றின் கரையோரம் அனுப்பு என்னும் இடத்தில் எழுப்பினார்கள். எஞ்சியவற்றின் மேல் நீர் பரவியது. 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் திருமதி இந்திரா காந்தி அவர்கள் கால்வாய்களில் நீரைத் திறந்துவிட்டார்கள். சுற்றிலும் நீர் சூழ, மலை தீவாயிற்று.

இதில் நமக்குப் பங்கு இல்லை என்று எண்ண வேண்டா. நம் வீட்டு உலையில் கொதிக்கும் அரிசியில் ஒரு பங்கு அக்கால்வாய் நீரில் விளைந்ததாக இருத்தல் கூடும். ஹைதராபாத், செகந்திராபாத் நகரங்களின் குடிநீரில் ஒரு பகுதியும் அந்நீர்த்தேக்கத்திலிருந்தே வருகின்றது. மூழ்கிய நகரத்தின் மேல் தேங்கிய நீரைத்தான் நாம் நாள்தோறும் பருகுகிறோம்.

படகில் கேட்ட சொல்

அணையைக் கடந்து விஜயபுரி தெற்குத் துறையில் படகேறினோம். தீவை அடையச் சுமார் ஒரு மணி நேரம் ஆகின்றது. எங்கள் பக்கத்தில் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டும் அணிந்த தெலுங்குப் பெரியவர் ஒருவர் பேரனுடன் அமர்ந்திருந்தார். நம் பிள்ளைகள் தெலுங்கு அறிந்தவர்கள் ஆகையால் அவருடன் எளிதில் பேசிப் பழகினார்கள். "தாத்தகாரு, தங்கள் ஊர் எது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அவர் படகின் ஓரத்தில் கையை நீட்டி நீரைக் காட்டினார்.

"இதற்குள்தான் இருக்கிறது, பாபு. நான் உன் வயதில் அங்கே மாடு மேய்த்தேன். தோண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு என் தகப்பனார் மண் சுமந்தார். ராஜாவின் கற்களுக்கு மலைமேல் இடம் கொடுத்தார்கள், எங்களுக்கு வேறு ஊரில் இடம் கொடுத்தார்கள்" என்றார்.

"தங்களுக்குக் கோபம் இல்லையா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். "அப்பொழுது இருந்தது. அம்மா அழுதாள். இப்பொழுது என் மகனுடைய நிலத்தில் இரண்டு போகம் விளைகிறது. ஆனால் எங்கள் வீட்டுக் கல் ஒன்றையும் எவரும் எண்ணிட்டு எடுத்து வைக்கவில்லை. ஆகையால் பேரனை அழைத்து வந்து நீரையாவது காட்டுகிறேன்" என்றார் அவர்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. நமக்கேனும் விடுமுறையில் போய்ப் பார்க்க ஊர் இருக்கின்றது. அவருக்கு அதுவும் இல்லை. ஊர் நன்மைக்காகத் தம் ஊரை விட்டவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

காட்சியகத்தில் கண்டவை

தீவின்மேல் உள்ள அருங்காட்சியகம் 1966-இல் நிறுவப்பட்டது. கட்டடமே ஒரு விஹாரத்தின் அமைப்பில் உள்ளது. பல்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. பசுமை கலந்த வெண்ணிறமான அக்கல்லில் உளி எவ்வளவு எளிதாக ஓடியிருக்கிறது! புத்தர் பெருமானின் பிறப்பு, அரண்மனை துறத்தல், ஞானம் பெறுதல், முதல் அறவுரை, ஜாதகக் கதைகள் ஆகியன பலகை பலகையாகக் கண்முன் விரிகின்றன. ஓராளின் உயரத்துக்கு மேலாக நிற்கும் புத்தர் திருவுருவத்தின்முன் குழந்தைகளும் தாமாகவே குரல் தாழ்த்தினார்கள். பள்ளத்தாக்கு மூழ்குவதற்கு முன் இருந்த தோற்றத்தைக் காட்டும் மாதிரி ஒன்றும் அங்கே உண்டு. படகில் வந்த பெரியவர் அதன் அருகில் நெடுநேரம் நின்று, பேரனுக்கு விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

புகைவண்டி அலுவலகத்தில் பதிவேடும் தேதி முத்திரையுமாக வாழும் எங்களை மிகவும் ஈர்த்தவை கல்வெட்டுகளே. பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில், எவ்வளவு ஒழுங்கான பதிவு! மன்னனின் ஆட்சியாண்டு, பருவம், பக்ஷம், நாள் என்று அனைத்தும் குறிக்கப்பட்டிருக்கின்றன. மகாசைத்தியத்தின் கல்வெட்டுகள் வீரபுருஷதத்தனின் ஆறாம் ஆண்டு, மழைக்காலத்து ஆறாம் பக்ஷம், பத்தாம் நாள் என்று காட்டுகின்றன.

வியப்புக்குரிய மற்றொன்று, கொடையளித்தவர்களுள் மிகப் பலர் பெண்மணிகள் என்பது. மன்னன் சாந்தமூலன் அசுவமேத வேள்வி செய்தவன். அவனுடைய சகோதரி சாந்திசிரியோ பௌத்த மகாசைத்தியத்தை எழுப்பினாள். ஒரே குடும்பத்தில் இரு நெறிகள் பகையின்றி நிலவின. போதிசிரி என்னும் உபாசிகை, இலங்கையிலிருந்து வந்த துறவியருக்காகச் சைத்தியக் கோயில் அமைத்தாள். பல நாடுகளில் அறம் பரப்பிய அத்துறவியரைப் புகழும் அக்கல்வெட்டில், காஷ்மீரம், காந்தாரம், சீனம், வங்கம், வனவாசி என்னும் நாடுகளோடு தமிழர் நாட்டின் பெயரும் இருந்ததாக அறிஞர்கள் வாசிக்கின்றனர். பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இவ்வூர்க் கல்லில் நம் நாட்டுக்கு ஓர் இடம் இருந்தது!

உச்சயினி மன்னன் மகளாகிய ருத்ரதரபட்டாரிகா என்னும் அரசி, ஒரு தூணும் 170 தீனாரி மாசகங்களும் கொடுத்தாள். கொடபலிசிரி என்பவள் இந்நகரத்தில் பிறந்து, வனவாசி நாட்டு மன்னனுக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்றவள். சென்ற இடத்தில் பிறந்தகத்தை மறக்கவில்லை. தம்பியோ தமையனோ ஆகிய எகுவல சாந்தமூலனின் பதினோராம் ஆட்சியாண்டில் இங்கே ஒரு விஹாரம் எடுப்பித்தாள். தன் பாட்டன், தந்தை, உடன்பிறந்தான், கணவன் ஆகிய அனைவரையும் குறித்தே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். இதனைக் கேட்ட நம் மாதர் குழுவினர், "அயலூரில் வாழும் பெண்ணின் மனம் அன்றும் இதுதானே!" என்றனர்.

மன்னருக்கு மட்டுமன்றி, போரில் மாண்ட வீரருக்கும் கைவினைஞருக்கும் நட்ட நினைவுத் தூண்களும் உள்ளன. 'சாயா கம்பம்' என்பது அவற்றின் பெயர். நம் நாட்டு நடுகற்களின் உறவினர் என்றே அவற்றைச் சொல்லலாம்.

மலையும் கரையும்

காட்சியகத்துக்கு வெளியே மகாசைத்தியத்தின் அடித்தளத்தைக் கண்டோம். அதன் விட்டம் ஏறத்தாழ 32 மீட்டர். வண்டிச் சக்கரம் போல், குடமும் ஆரங்களும் வட்டமுமாகச் செங்கற் சுவர்கள் எழுப்பி, இடைவெளிகளில் மண் நிரப்பிக் கட்டியிருக்கிறார்கள். குறைந்த செங்கல்லில் மிகுந்த உறுதி. அறச் சக்கரத்தின் வடிவமும் அதனுள் அமைந்தது. நான்கு திசையிலும் ஐந்தைந்து தூண்கள் நின்றன. அவை பெருமானின் வாழ்க்கையில் ஐந்து பெருநிகழ்ச்சிகளைக் குறிப்பன என்பர். இந்த ஸ்தூபியினுள்தான் லாங்ஹர்ஸ்ட் ஒரு சிறு பொற்பேழையில் எலும்புத் துணுக்கு ஒன்றைக் கண்டெடுத்தார். அது இப்போது சாரநாத்தில் உள்ள மூலகந்தகுடி விஹாரத்தில் இருக்கின்றது.

மாலையில் கரை திரும்பி அனுப்பு சென்றோம். அங்கே மீண்டும் கட்டப்பட்ட படிக்கட்டரங்கம் ஏறத்தாழ 16 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உடையது. நடுவில் நின்று ஒரு சிறுமி பாட, நாற்புறப் படிகளிலும் அமர்ந்த அனைவரும் தெளிவாகக் கேட்டோம். "விளையாட இடம் வேண்டாமா?" என்று முன்பு வாதாடிய அன்பர், அப்படிகளில் பிள்ளைகளோடு ஏறி இறங்கிக் களைத்துப் போனார்.

செல்ல விரும்புவோருக்கு

வெள்ளிக்கிழமை காட்சியகத்துக்கு விடுமுறை, அந்நாளைத் தவிர்க்க. படகு புறப்படுவது நீர்மட்டத்தையும் காற்றையும் பொறுத்தது. முன்னரே கேட்டறிந்து செல்க. தீவில் தங்க இயலாது. உணவும் குடிநீரும் குடையும் உடன் இருத்தல் நலம். குண்டூர்ப் பக்கமிருந்து வருவோர் மாச்சர்லா வரை புகைவண்டியில் வந்து, அங்கிருந்து பேருந்தில் வரலாம். கோடை விடுமுறைக்குச் சென்னை செல்வோர், எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுக. சாதவாகனர் காலத்து அச்சிற்பங்களைக் கண்டபின் விஜயபுரியின் சிற்பங்கள் இன்னும் நன்றாக விளங்கும்.

இடம் பெயர்ந்த கல் தன் பொருளை இழந்து விடுமா என்னும் வினா எங்களுள் எழுந்தது. இக்கற்கள் இழக்கவில்லை. எது எங்கிருந்தது, எவர் கொடுத்தது, எந்நாள் நட்டது என்று எழுதி வைத்தமையால் அவை மலைமேலும் பேசுகின்றன. எழுதி வைக்கப்படாத அப்பெரியவரின் ஊரோ அவர் நாவில் மட்டும் வாழ்கின்றது. நம் வீடுகளிலும் பாட்டனார் ஊர், குலதெய்வம், தெருவின் பெயர், வந்த ஆண்டு முதலியவற்றை அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களைக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில், நம் தமிழில், பிள்ளைகள் கையாலேயே எழுதச் செய்வோமாக. அடுத்த பொங்கல் விழாவில் அவ்வேடுகளைச் சங்கத்தில் காட்சிக்கு வைப்பதென்று, திரும்பும் வழியில் பேருந்திலேயே முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஏடு கொண்டு வருதல் வேண்டும்.