டார்வினில் ஏறினால் தாஹிதியில் இறங்கும்

1904ஆம் ஆண்டு இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர் வானிலை படித்தவரல்லர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். பூமராங் எப்படிச் சுழன்று பறந்து எறிந்தவர் பக்கமே திரும்பி வருகிறது என்று ஆராய்ந்து எழுதியவர். பருவமழையோடு அவருக்குப் பெரிய பழக்கம் கிடையாது. அவர் கையில் கொடுக்கப்பட்டதோ, அன்றைக்கு உலகத்தில் எவராலும் விடை சொல்ல முடியாத கேள்வி. இந்த ஆண்டு இந்தியாவில் மழை பெய்யுமா, பொய்க்குமா?

அந்தக் கேள்விக்குப் பின்னால் லட்சக்கணக்கான சாவுகள் இருந்தன. தமிழ்க் கிராமங்களில் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டதே, அது 1876–78இன் பஞ்சம். 1876இல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. ஐப்பசியில் வரவேண்டிய வடகிழக்கு மழையும் வரவில்லை. 1877இல் மறுபடி தென்மேற்கு பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் என்று தக்காணம் முழுவதும் காய்ந்தது. இறந்தவர்கள் 55 லட்சம் என்பது குறைந்த கணக்கு. ஒரு கோடி வரை சொல்பவர்களும் உண்டு. பிழைத்தவர்களில் பல்லாயிரம் பேர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள்.

இந்திய வானிலைத் துறை அப்போது ஒரு வயதுக் குழந்தை. 1875இல்தான் தொடங்கியிருந்தார்கள். அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், அந்த வறண்ட ஆண்டுகளில் இந்தியாவின் மேல் காற்றழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றதைக் கவனித்தார். சில ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவில் சார்லஸ் டாட் என்பவர், தன் நாடும் இந்தியாவும் பெரும்பாலும் ஒரே ஆண்டில் வறண்டு போகின்றன என்று எழுதினார். கடலால் பிரிக்கப்பட்ட இரண்டு நாடுகள் சேர்ந்து காய்வதற்கு என்ன காரணம்? ஒருவருக்கும் தெரியவில்லை. இமயமலையில் பனி அதிகமாக விழுந்தால் மழை குறையும் என்பது பிளான்ஃபோர்டின் கணிப்பு முறை. அது சில ஆண்டுகள் கைகொடுத்தது. ஆனால் 1899இல் நல்ல மழை வரும் என்று துறை சொல்ல, வந்தது இன்னொரு பெரும் பஞ்சம்.

வாக்கர் இந்தச் சிக்கலுக்குள் கணக்கராகவே நுழைந்தார். காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் எது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்ப்போம் என்பது அவர் வழி. சிம்லா அலுவலகத்தில் இந்திய எழுத்தர்கள் வரிசையாக உட்கார்ந்து, உலகின் பல மூலைகளிலிருந்து வந்த அழுத்தம், மழை, வெப்பம், நைல் ஆற்றின் வெள்ளம் ஆகியவற்றை ஆண்டுவாரியாகப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொரு பட்டியலையும் மற்ற ஒவ்வொரு பட்டியலோடும் ஒப்பிட்டுத் தொடர்புக்கெழு கண்டார்கள். இன்று கணினி நொடியில் முடிக்கும் வேலை. அன்று கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் எல்லாம் காகிதத்தில், கையால், ஆண்டுக்கணக்கில் நடந்தது. அந்த எழுத்தர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த அறிவியல் நூலிலும் கிடையாது. உலக வானிலையின் மிகப் பெரிய தாளகதி ஒன்று வெளிப்பட்டது அவர்களுடைய பேனா முனையில்தான்.

1920களில் வாக்கர் தன் முடிவை வெளியிட்டார். பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பக்கத்தில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. இங்கே ஏறும்போது அங்கே இறங்குகிறது. தராசின் இரண்டு தட்டுகள்போல. அதற்குத் ‘தென் அலைவு’ என்று பெயர் வைத்தார். இன்றைக்கு அந்த அலைவை அளக்க, வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்திலும் பசிபிக் நடுவே தாஹிதித் தீவிலும் பதிவாகும் அழுத்தங்களைக் கழித்துப் பார்க்கிறார்கள். டார்வினில் ஏறி தாஹிதியில் இறங்கினால் இந்தியாவின் மழைக்கு ஆபத்து.

இதே வாக்கர் 1913 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அங்கே எழுத்தராக இருந்த ஒரு இளைஞரின் கணிதக் குறிப்புகளைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, இந்த இளைஞர் முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட வழி செய்யுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்ததில் அந்தக் கடிதத்துக்கும் பங்குண்டு. எண்களின் அருமை தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்ததற்காக இரண்டு வகையில் நாம் நன்றி சொல்லலாம்.

தராசு ஆடுவதை வாக்கர் கண்டுபிடித்துவிட்டார். ஆட்டுவது எது என்பது அவருக்குத் தெரியாது. பலர் அவர் முடிவையே நம்பவில்லை. விடை கடலுக்குள் இருந்தது. அந்தக் கடலின் போக்கைத் தென் அமெரிக்காவின் பெரு நாட்டு மீனவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள்.

பெருவின் கடற்கரை விந்தையானது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தும் கடல் குளிர்ந்திருக்கும், கரையோ பாலைவனம். காரணம் காற்று. பசிபிக்கின் மேல் ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காக வியாபாரக் காற்று வீசி, வெயிலில் சூடான மேல்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் இந்தோனேசியக் கரையில் கடல்மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயர்ந்தே நிற்கிறது. மேற்கே வெந்நீர்ப் படலம் 150 மீட்டர் ஆழம் வரை தடித்திருக்க, கிழக்கே அது மெலிந்துவிடுகிறது. மேல்நீர் விலகிய இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும்பி வருகிறது. அதோடு சத்துகளும் வருகின்றன. அந்தச் சத்தில் நுண்பாசி செழிக்கிறது, பாசியைத் தின்று நெத்திலி பெருகுகிறது, நெத்திலியைத் தின்று நீர்க்காகமும் கூழைக்கடாவும் லட்சக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றின் எச்சம் தீவுகளில் மலையாகக் குவிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வயல்களுக்கு உரமாகக் கப்பலேறியது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தக் காற்று தளர்ந்துவிடும். மேற்கே குவிந்திருந்த வெந்நீர் கிழக்கு நோக்கி ஓர் அலையாகத் திரும்பி வரும். அலை கண்ணுக்குத் தெரியாது. கடலின் உள்ளே இரண்டு மூன்று மாதம் நகர்ந்து பெருங்கடலைக் கடந்துவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் கரையைத் தொடும் இந்த வெந்நீருக்கு பெரு மீனவர்கள் குழந்தை இயேசுவின் பெயரைச் சூட்டினார்கள். எல் நினோ. அப்போதும் பெருவின் கரையோரக் காற்று வீசத்தான் செய்யும், அடிநீர் மேலெழத்தான் செய்யும். ஆனால் வெந்நீர்ப் படலம் தடித்துவிட்டதால் மேலெழுவதும் சத்தில்லாத வெந்நீர்தான். நெத்திலி ஆழத்துக்கும் தெற்குக்கும் போய்விடும். பறவைகள் குஞ்சுகளைக் கைவிட்டுச் செத்து மிதக்கும். 1970இல் ஒரு கோடி டன்னுக்கு மேல் நெத்திலி பிடித்து உலகின் முதல் மீன்பிடி நாடாக இருந்த பெருவில், 1972–73 எல் நினோவின்போது அந்தத் தொழிலே சரிந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் அந்தச் சரிவுக்கு ஒரு காரணம். அங்கே மீன்தூள் இல்லாமல் போனதும் தீவனத்துக்கான சோயாவின் விலை உலகச் சந்தையில் ஏறியது.

கரையில் நடப்பது இதற்கு நேரெதிர். மழையையே காணாத செச்சுரா பாலைவனத்தில் வெள்ளம் பாயும். 1998இல் அங்கே தேங்கிய நீர், கொஞ்ச காலத்துக்குப் பெரு நாட்டின் இரண்டாவது பெரிய ஏரியாகவே ஆனது. மணலில் புல் முளைத்தது, ஏரியில் மீன் பிடித்தார்கள்.

கடலின் இந்தச் சாய்வையும் வாக்கரின் தராசையும் ஒன்றாகச் சேர்த்தவர் நார்வேயில் வளர்ந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய யாக்கோப் பியர்க்னெஸ். 1969இல் அவர் காட்டியது இது: கிழக்குக் கடல் சூடானால் காற்றழுத்த வேறுபாடு குறைந்து வியாபாரக் காற்று தளர்கிறது, காற்று தளர்ந்தால் கடல் இன்னும் சூடாகிறது. ஒன்றையொன்று வளர்க்கும் வட்டம். சூடான நீர் எங்கே போகிறதோ அங்கேதான் காற்று மேலெழுந்து மேகமாகும். அந்த இடம் இந்தோனேசியாவிலிருந்து பசிபிக்கின் நடுவுக்கு நகர்ந்தால், நம் பக்கம் காற்று கீழிறங்கி மேகத்தை அமுக்கும். மேலும் கீழுமான அந்தக் காற்றோட்டத்துக்கு அவர் வாக்கரின் பெயரையே வைத்தார். வாக்கர் இறந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

இப்போது தெரிந்த இந்த அறிவோடு 1877ஐத் திரும்பிப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. அந்த ஆண்டின் எல் நினோ, பதிவில் உள்ள மிக வலுவானவற்றில் ஒன்று. அதோடு இந்தியப் பெருங்கடலின் வெப்பமும் தாறுமாறாகியிருந்தது. இந்தியாவில் மட்டுமா? வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் அதே ஆண்டுகளில் மக்கள் பட்டினியால் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். ஒரே கடல் சாய்ந்ததில் மூன்று நாடுகளில் பஞ்சம்.

ஆனால் கடல்மேல் முழுப் பழியையும் போட என்னால் முடியாது. மழை பொய்த்துக்கொண்டிருந்தபோது துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் தர்பார் நடந்தது. அதே மாதம் பஞ்சப் பகுதிகளுக்கு அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. இது போதாது, ஆட்கள் செத்துப்போவார்கள் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தில் மன்றாடிய பிறகுதான் சில மாதங்கள் கழித்து கொஞ்சம் கூட்டினார்கள். சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். இன்று அதை ஒட்டியே பறக்கும் ரயில் ஓடுகிறது.

1877இன் பிற்பகுதியில் மழை வந்தது. கூடவே காய்ச்சலும் வந்து, பட்டினியில் தேய்ந்த உடல்களை வாரிக்கொண்டு போனது. எல் நினோவுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவின் திருகலே இந்த மழையில்தான் இருக்கிறது. தென்மேற்கைக் கெடுக்கும் அதே எல் நினோ, ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் கொண்டல் காற்றை வலுப்படுத்தி வடகிழக்கு மழையைப் பெரும்பாலும் கூட்டிவிடும். 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியபோது பசிபிக்கில் வலுவான எல் நினோ உச்சத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு அது அடங்கி, குளிர்ந்த எதிர்நிலை தலைகாட்டியது. 2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்கு மழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது.

இதெல்லாம் கணக்குப் பிசகாமல் நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 1997இல் நூற்றாண்டின் பெரிய எல் நினோ என்று உலகமே அஞ்சியபோது இந்தியாவில் மழை இயல்பாகவே பெய்தது. அதன் விளக்கத்தைத் தேடியதில்தான் இந்தியப் பெருங்கடலுக்குள்ளேயே மேற்கும் கிழக்கும் மாறி மாறிச் சூடாகும் தனி ஊசல் ஒன்று இருப்பது 1999இல் தெரியவந்தது. அது சாதகமாக நின்றால் எல் நினோவின் அடியைத் தாங்கிக்கொள்ளும். 2002இல் அந்தத் துணை கிடைக்கவில்லை. நடுத்தர எல் நினோவே மழையில் ஐந்தில் ஒரு பங்கைப் பறித்துவிட்டது.

எல் நினோ மனிதன் உண்டாக்கியதல்ல. நாம் வேளாண்மை தொடங்கிய காலத்துக்கு முன்பே பசிபிக் இப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. பவளப் பாறைகளின் வளர்ச்சி வளையங்கள் அதற்குச் சாட்சி. மாறியிருப்பது அது ஆடும் தளம். நாம் எரித்த கரியும் எண்ணெயும் கடலை முன்பே சூடாக்கி வைத்திருப்பதால், இப்போது வரும் ஒவ்வொரு எல் நினோவும் பழைய உயரத்துக்கு மேலிருந்தே புறப்படுகிறது. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 1998இலும் 2016இலும் வெளிறிப்போனதைக் கடலோடிகளும் பார்த்தார்கள்.

காவிரிப் படுகை உழவருக்கு இந்தக் கதை ஒரே ஆண்டுக்குள் இரண்டு முறை நடக்கிறது. குடகில் தென்மேற்கு மழை பெய்தால்தான் மேட்டூர் நிரம்பும். ஜூன் 12இல் அணை திறந்தால்தான் ஆற்றுநீரை நம்பிக் குறுவை. சம்பா பயிரோ வடகிழக்கு மழையின் கையில். எல் நினோ முன்னதை அமுக்கும், பின்னதைச் சில சமயம் பயிரே மூழ்கும் அளவுக்குக் கொட்டவைக்கும். இன்று பசிபிக்கில் மிதவைகளும் மேலே செயற்கைக்கோள்களும் நீரின் வெப்பத்தை இரவும் பகலும் அளக்கின்றன. ஆனாலும் மார்ச்சிலிருந்து மே வரை கடல் எந்தப் பக்கம் சாயும் என்று முடிவெடுக்காமல் தத்தளிக்கும் காலம். அதற்கு முன் சொல்லும் எந்தக் கணிப்பும் எளிதில் பிசகும். அதனால்தான் இந்திய வானிலைத் துறை ஏப்ரலில் ஒரு முன்கணிப்பு வெளியிட்டு, மே கடைசியில் அதைத் திருத்தி மறுபடி வெளியிடுகிறது. அந்த இரண்டாவது கணிப்புக்கும் மேட்டூர் திறக்கும் நாளுக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரம்.