தொட்டால் மாறும், சுரண்டினால் மணக்கும்!

பிரிட்டன் அஞ்சல் துறை 2001 அக்டோபரில் ஆறு தபால்தலைகளை வெளியிட்டது. நோபல் பரிசு தொடங்கி நூறு ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட, பரிசுக்கு ஒன்றாக ஆறு. வேதியியல் பரிசுக்கான தபால்தலையில் பந்து வடிவ மூலக்கூறு ஒன்றின் படம் இருக்கிறது. அதன்மேல் விரலை வைத்துச் சூடு ஏற்றினால், பந்துக்குள் சிக்கியிருக்கும் ஓர் அயனி மெல்லக் கண்ணுக்குத் தெரியும். விரலை எடுத்துவிட்டால் சிறிது நேரத்தில் மறைந்துவிடும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. அந்த இடத்தில் அச்சிட்டிருப்பது வெப்பத்தில் நிறம் மாறும் மை. விரலின் சூடு பட்டதும் அது நிறம் மங்கி, அடியில் இருக்கும் படத்துக்கு வழிவிடுகிறது. ஆறியதும் பழைய நிறத்துக்கே திரும்பிவிடுகிறது.

மருத்துவப் பரிசுக்கான தபால்தலையைச் சுரண்டினால் யூகலிப்டஸ் தைலம் மணக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்களுக்குள் தைலத்தை அடைத்து மேலே பூசியிருக்கிறார்கள். சுரண்டும்போது சில குமிழ்கள் உடைகின்றன, மீதி அடுத்த முறைக்குக் காத்திருக்கின்றன. இயற்பியல் தபால்தலையில் போரான் மூலக்கூறு ஹாலோகிராமாக மின்னுகிறது. இலக்கியத் தபால்தலையில் டி. எஸ். எலியட் பூனைகளைப் பற்றி எழுதிய ஒரு கவிதை, பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

கடிதத்தில் ஒட்டும் ஒரு சின்னத் தாளில் இவ்வளவு வேலையா என்று தோன்றுகிறதா? தபால்தலை பிறந்ததே அறிவியலோடுதான். உலகின் முதல் ஒட்டும் தபால்தலையிலிருந்து பார்ப்போம், வாருங்கள்.

1840க்கு முன் பிரிட்டனில் கடிதத்துக்கான கூலியைப் பெரும்பாலும் அதைப் பெறுகிறவர்தான் கொடுத்தார். எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கூலி ஏறும். ரோலண்ட் ஹில் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: தூரம் எதுவானாலும் அரை அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 14 கிராம் வரை, ஒரே ஒரு பென்னி. அதை அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும். கட்டியதற்கு அடையாளமாக வந்ததுதான் ‘பென்னி பிளாக்’. 1840 மே 1 அன்று விற்பனைக்கு வந்தது, மே 6 முதல் செல்லுபடியானது.

கறுப்பு நிறம், நடுவில் விக்டோரியா ராணியின் தலை. அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். யாராவது கள்ளத் தபால்தலை அடித்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அதன் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் இருக்கிறது. ஏன் ஒரு முகத்தைப் போட்டார்கள்? ஒரு பூவின் இதழ் சற்று மாறினால் நாம் கவனிக்க மாட்டோம். தெரிந்த முகத்தில் மூக்கு இம்மி மாறினாலும் நம் மூளை உடனே கண்டுபிடித்துவிடும். தலைக்குப் பின்னால் இருக்கும் நுண்ணிய கோட்டு வலையைக் கையால் வரையவில்லை, இயந்திரம் சுழன்று சுழன்று செதுக்கியது. அதைக் கையால் காப்பியடிப்பது மிகவும் கடினம். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு குட்டிக் கிரீடம் தெரியும், ரூபாய் நோட்டில் காந்தி தெரிவதைப் போல.

கீழ் மூலைகள் இரண்டிலும் ஒவ்வோர் ஆங்கில எழுத்து உண்டு. ஒரு முழுத் தாளில் 20 வரிசை, வரிசைக்கு 12 தபால்தலை, ஆக மொத்தம் 240. அன்றைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுண்டு. ஒரு வரிசை கிழித்தால் ஒரு ஷில்லிங், முழுத் தாள் வாங்கினால் ஒரு பவுண்டு! இடது எழுத்து எத்தனையாவது வரிசை என்றும், வலது எழுத்து அந்த வரிசையில் எத்தனையாவது இடம் என்றும் சொல்லும். இடப்பக்கம் ‘சி’, வலப்பக்கம் ‘எஃப்’ என்று இருந்தால் அது தாளில் எங்கே இருந்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு தபால்தலையைப் பார்த்துக் கள்ளம் செய்கிறவன், அதே எழுத்துகளைத்தான் எல்லாவற்றிலும் அடிப்பான். அதில் மாட்டிக்கொள்வான்.

240 தலையையும் ஒரே மாதிரி எப்படிச் செதுக்கினார்கள்? செதுக்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் மென்மையான எஃகில் செதுக்கினார்கள். எஃகைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் கடினமாகும். அப்படிக் கடினமாக்கிய செதுக்கலின்மேல் மென்மையான எஃகு உருளை ஒன்றை அழுத்தி உருட்டினால், உருவம் உருளையில் புடைப்பாகப் பதியும். பிறகு உருளையையும் கடினமாக்கி, பெரிய தகட்டில் 240 முறை அழுத்தினார்கள். ஜேக்கப் பெர்கின்ஸ் என்பவர் வளர்த்தெடுத்த முறை இது. எஃகு மென்மையாகவும் இருக்கும், கடினமாகவும் ஆகும் என்ற ஒரே உண்மையை எவ்வளவு அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்!

இவ்வளவு யோசித்தும் ஓர் ஓட்டை இருந்தது. கறுப்புத் தபால்தலைமேல் சிவப்பு மையில் முத்திரை குத்தினார்கள். அந்தச் சிவப்பு மை எளிதில் கழுவப்படக்கூடியது. கழுவிவிட்டு மறுபடி ஒட்ட ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அழியாத கறுப்பு மையால் முத்திரை குத்தலாம், ஆனால் கறுப்பின்மேல் கறுப்பு எப்படித் தெரியும்? அதனால் 1841இல் தலைகீழாக மாற்றினார்கள்: தபால்தலை சிவப்பு, முத்திரை கறுப்பு. பென்னி பிளாக் ஓராண்டுகூட நீடிக்கவில்லை.

அப்போது தபால்தலைகளைக் கத்தரிக்கோலால்தான் வெட்டி எடுக்க வேண்டும். ஹென்றி ஆர்ச்சர் என்பவர் துளையிடும் இயந்திரத்துக்காகப் பல ஆண்டு உழைத்தார். அரசு அந்த இயந்திரத்தின் உரிமையை 4,000 பவுண்டுக்கு வாங்கியது, 1854இல் துளையிட்ட தபால்தலைகள் பிரிட்டனில் முறையாக வந்தன. தாளை இழுக்கும்போது அந்த விசை முழுவதும் துளைகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய இணைப்புகளில் குவிகிறது, அதனால் கோடு பிடித்தாற்போலக் கிழிகிறது. துளை மிகவும் நெருக்கமானால் பையில் வைத்திருக்கும்போதே கிழியும், விலகி இருந்தால் படத்தோடு கிழியும். 1866இல் லெக்ராண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்று எண்ணும் அளவுகோலை உருவாக்கினார். இன்றும் உலகம் முழுக்க அதே 2 சென்டிமீட்டர்தான். ஒரு ஸ்கேலும் பூதக்கண்ணாடியும் இருந்தால் நீங்களும் எண்ணலாம்.

இருபதாம் நூற்றாண்டில் கடிதங்கள் பெருகின. இயந்திரம் கடிதங்களைப் பிரிக்க வேண்டும், ஆனால் உறையில் தபால்தலை எந்த மூலையில் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பிரிட்டன் 1959 முதல் தபால்தலைகளில் பாஸ்பர் பட்டைகளைப் பூசியது. அவை புற ஊதாக் கதிரை உள்வாங்கி, விளக்கை அணைத்த பிறகும் கணநேரம் ஒளிரும். அந்த ஒளியைப் பிடித்து இயந்திரம் உறையைத் திருப்பி நிறுத்தும். பின்னாளில் விரைவுக் கடிதத்துக்கு இரண்டு பட்டை, சாதாரணக் கடிதத்துக்கு ஒரு பட்டை என்று வைத்து, பிரிக்கும் வேலையையும் இயந்திரத்திடமே விட்டார்கள். ஜெர்மனி 1960 முதல் தாளையே ஒளிரும்படி செய்து பார்த்தது. கடைகளில் கள்ள நோட்டைப் பார்க்கும் ஊதா விளக்கு இருக்கிறதல்லவா? பெரியவர் ஒருவரின் துணையோடு அந்த விளக்கில் பழைய ஜெர்மன் தபால்தலைகளைக் காட்டுங்கள், சில ஒளிரும். விளக்கை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது.

காகிதத்தையே விட்டுவிட்டவர்களும் உண்டு. ஸ்விட்சர்லாந்து 2004இல் மரத்தில் தபால்தலை செய்தது. ஆஸ்திரியா 2006இல் விண்கல்லின் தூளை ஒட்டிய தபால்தலையை வெளியிட்டது. பெரும்பாலான விண்கற்கள் சுமார் 450 கோடி ஆண்டு பழமையானவை, அவற்றில் ஒரு சிட்டிகை கடித உறையில் பயணம் செய்தது!

எனக்கு மிகவும் பிடித்தது போர்ச்சுகல் 2007இல் தக்கையில் செய்த தபால்தலை. உலகத்தின் தக்கையில் ஏறக்குறையப் பாதி அந்த நாட்டிலிருந்துதான் வருகிறது. தக்கை ஓக் மரத்தை வெட்டுவதில்லை, சுமார் ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை பட்டையை மட்டும் உரித்தெடுக்கிறார்கள், பட்டை மறுபடி வளர்கிறது. தக்கை ஏன் அவ்வளவு இலேசாக இருக்கிறது? ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே காற்று நிறைந்த சின்னச் சின்ன அறைகள் இருந்தன. 1665இல் வெளியான தம் நூலில் அவற்றை ‘செல்’ என்று எழுதினார். நீங்கள் உயிரியல் பாடத்தில் படிக்கும் செல், அங்கேதான் பெயர் பெற்றது. ஆகவே அந்தத் தபால்தலை காடுகளைப் பற்றிய தொகுப்பிலும் இடம்பெறலாம், நுண்ணோக்கியின் வரலாற்றிலும் இடம்பெறலாம்.

இப்படி ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, நாடு எதுவானாலும் அதைப் பற்றிய தபால்தலைகளைச் சேர்ப்பதைக் கருப்பொருள் சேகரிப்பு என்கிறோம். ஒரு நாட்டின் எல்லாத் தபால்தலைகளையும் சேர்ப்பதைவிட மாணவர்களுக்கு இதுவே சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது தபால்தலைகள் ஒன்றையொன்று விளக்கத் தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. முதலில் பார்த்த பந்து வடிவ மூலக்கூறு 60 கார்பன் அணுக்களால் ஆனது. 1985இல் கண்டுபிடித்தார்கள், அதற்காக மூன்று பேருக்கு 1996இல் நோபல் கிடைத்தது. அவர்களில் ஒருவரான ஹாரி குரோட்டோ பிரிட்டனைச் சேர்ந்தவர். இனி 1983இல் கிழக்கு ஜெர்மனி வெளியிட்ட தபால்தலை ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அது கணித மேதை லெயோனார்ட் ஆய்லர் மறைந்த 200ஆம் ஆண்டு நினைவு. நடுவில் 20 முக்கோணங்களால் ஆன ஒரு திண்ம உருவமும், அவருடைய சூத்திரமும் இருக்கின்றன: முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் விடை 2.

அந்த உருவத்துக்கு 12 முனை, 30 விளிம்பு, 20 முகம். 12 − 30 + 20 = 2. சரியாக இருக்கிறதா? இனி அதன் 12 முனைகளையும் கத்தியால் சீவிவிட்டதாக நினையுங்கள். சீவிய ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஐங்கோணம் வரும். 20 முக்கோணங்களும் அறுகோணங்களாகிவிடும். கிடைப்பது நம் கார்பன் பந்தேதான்! அதற்கு 60 முனை, 90 விளிம்பு, 32 முகம். 60 − 90 + 32 = 2. இரண்டு நாடு, இடையில் 18 ஆண்டு, ஆனாலும் இரண்டு தபால்தலையும் ஒரே கணக்கைப் பேசுகின்றன. இதை ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் வைக்கிறவருக்குக் கணக்குப் புத்தகம் அந்நியமாக இருக்காது.

டைனோசர் பிடிக்குமா? போலந்து 1965இல் தொல்விலங்குகளுக்காகப் பத்துத் தபால்தலைகள் வெளியிட்டது. டைனோசர்கள் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தன என்று விஞ்ஞானிகளே பரவலாக நம்பிய காலம் அது. பிறகு கருத்து மாறியது. பழைய டைனோசர் தபால்தலைகளையும் இன்றையவற்றையும் அடுத்தடுத்து வைத்தால், அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வது தெரியும்.

ஐரோப்பாவில் கருப்பொருள் சேகரிப்புக்கு ஒரு பெரிய வசதியும் உண்டு. ‘யூரோப்பா’ என்ற பெயரில் பல நாடுகள் சேர்ந்து தபால்தலை வெளியிடுகின்றன. 1956இல் ஆறு நாடுகள் ஒரே படத்தோடு தொடங்கின. 1960இல் வந்த படம் ஒரு சக்கரம், அதில் 19 ஆரங்கள், அன்றைய அஞ்சல் கூட்டமைப்பில் இருந்த 19 நாடுகளுக்காக. 1974 முதல் ஒரே படத்துக்குப் பதில் ஒரே தலைப்பு என்ற வழக்கம் வந்தது. 2009இல் வானியல், 2018இல் பாலங்கள், 2021இல் அழியும் நிலையில் உள்ள விலங்குகள். 1994இல் கண்டுபிடிப்புகள் என்ற தலைப்புக்குப் பிரிட்டன் எதைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன், எலக்ட்ரான் நுண்ணோக்கி.

படம் வரைகிறவர்களும் தவறுவார்கள். மொனாக்கோ 1947இல் வெளியிட்ட தபால்தலையில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தம் தபால்தலைச் சேகரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கையில் ஆறு விரல்! 1956இல் கிழக்கு ஜெர்மனி இசையமைப்பாளர் ஷூமனுக்கு வெளியிட்ட தபால்தலையில், பின்னணியில் இருந்த இசைக்குறிப்பு ஷூபெர்ட்டுடையது. இசை தெரிந்தவர்கள் கண்டுபிடித்துச் சொல்ல, திருத்தி மறுபடி அச்சிட்டார்கள். ஆகவே எந்தத் தபால்தலையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் ஆல்பத்தில் வைக்காதீர்கள்.

உறையிலிருந்து எடுக்கும்போது, தபால்தலையைச் சுற்றியுள்ள தாளோடு வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிடுங்கள். பெரும்பாலும் பசை கரைந்து தானே பிரியும், இழுக்க வேண்டாம். வெள்ளைத் தாளில் கவிழ்த்து உலர்த்தி, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு நாள் வையுங்கள். மணக்கும் தபால்தலை, தக்கை, விண்கல் தூள் போன்ற எதையும் தண்ணீரில் போடவே கூடாது, உறையோடு அப்படியே வைத்திருங்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை கறையாகும், ஆகவே சாமணத்தால் எடுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறைகளிலிருந்து கசியும் வேதிப்பொருள் மையைக் கெடுக்கும். வெயில் நிறத்தை வெளுக்கும், ஈரம் பூஞ்சையைக் கொண்டுவரும். மழைக்காலத்தில் ஆல்பத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

ஐரோப்பாவில் உறவினர் இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், பழைய உறைகள் கிடைக்கும். நாட்டின் பெயரே இல்லாமல் அரசர் அல்லது அரசி தலை மட்டும் இருந்தால் அது பிரிட்டன். ‘மாக்யார்’ என்றிருந்தால் ஹங்கேரி. பத்துத் தபால்தலை சேர்ந்ததும் ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நாடு, ஆண்டு, அதில் நீங்கள் கண்டுபிடித்த அறிவியல் என்ன என்பதை உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள்.